யானைப் பதிவேட்டில் ஒரு நாய்

கால்நடைத் துறைப் பிள்ளைகள் ஆண்டு மலர் ஒன்று போடுகிறார்களாம். "சார், நீங்க யானைங்களோடயே காலம் தள்ளினவர். ஒரு கட்டுரை குடுங்க" என்று போர்ட் பிளேரில் என் வீட்டைத் தேடி வந்து கேட்டார்கள். யானையைப் பற்றி எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் போன வாரம் பக்கத்து வீட்டுப் பூனையைத் தூக்கிக்கொண்டு அவர்களுடைய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு கால் எடுத்த நாய், கழுத்தில் பிளாஸ்டிக் புனலை மாட்டிக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் படுத்திருந்தது. இளவயது டாக்டர் அம்மா ஒருவர் அதன் சொந்தக்காரரிடம் அச்சடித்த தாளைக் கொடுத்து, வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வரி வரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பூனையை மறந்துவிட்டு அங்கேயே நின்று கேட்டேன். அப்படி ஒரு தாள் அன்றைக்கு எனக்குக் கிடைத்திருந்தால் பாகா என்ற நாயை அந்தப் பாடு படுத்தியிருக்க மாட்டேன். ஆகவே பிள்ளைகளே, யானை இன்னொரு சமயம். இது நாயைப் பற்றியது.

நான் கம்பவுண்டர். மதராஸில் பத்து மாதம் மருந்து கலக்கவும் கட்டுப் போடவும் படித்தேன். கப்பலில் நாலு நாள் வாந்தி எடுத்தேன். அறுபதுகளின் நடுவில் மாயாபந்தரில் கொண்டுவந்து இறக்கினார்கள். என் படிப்பு அவ்வளவுதான். மிச்சமெல்லாம் யானைகள் சொல்லிக்கொடுத்தவை. அப்போது காட்டில் வெட்டிய மரங்களைக் கடற்கரைக்கு இழுத்து வருவது யானைகள்தான். அவற்றுக்காகத்தான் எங்கள் மருந்துக் கொட்டகை. ஊசி போடும் குழாய் சைக்கிள் பம்பு அளவுக்கு இருக்கும். மருந்தை வாளியில் கலப்பேன்.

எங்கள் டாக்டர் மதுரைப் பக்கத்துக்காரர். ஒல்லி, குட்டை, கண்ணாடி. அவரிடம் ஒரு வினோதமான பழக்கம் இருந்தது. எங்களையெல்லாம் "நீ" என்பார். நோயாளிகளை "நீங்க" என்பார். மூன்று டன் யானைக்கு முன்னால் நின்று, "கொஞ்சம் காலைத் தூக்குறீங்களா?" என்று கேட்பார். அது தூக்கும்! கை கழுவினால் நூறு வரை வாய்விட்டு எண்ணுவார். அறுபதில் யாராவது கூப்பிட்டால் முறைத்துவிட்டு ஒன்றிலிருந்து மறுபடி தொடங்குவார். அதனால் அவர் கை கழுவும்போது மாவுத்தர்கள்கூட மூச்சுவிட மாட்டார்கள்.

ஒருநாள் காலை, மரக்கிடங்கில் யானை இழுத்துவந்து அடுக்கிய கட்டைகளில் ஒன்று சரிந்து உருண்டது. கீழே படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. ஆனால் பின்னங்கால் ஒன்று மாட்டி நசுங்கிப் போனது. அந்த நாயின் சொந்தக்காரர் ஹரிபதோ. கிழக்கு வங்காளத்திலிருந்து அகதியாக வந்து, காடு திருத்தி நிலம் வாங்கிக் குடியேறியவர். ஓடையில் தோணி போட்டு அரை நாள் வந்தால்தான் மாயாபந்தர். பூசணியும் கத்தரியும் கொண்டுவந்து விற்பார். நாயும் தோணி முனையில் உட்கார்ந்து கூடவே வரும். அதன் பெயர் பாகா. வங்க மொழியில் புலி என்று அர்த்தம். பழுப்பு நிறம், ஒரு காது மடங்கியிருக்கும். புலிக்கும் அதற்கும் வேறு சம்பந்தம் கிடையாது.

ஹரிபதோ நாயைச் சாக்கில் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு ஓடிவந்தார். எங்களுக்குள் பேச்செல்லாம் தீவு ஹிந்தியில்தான். இங்கே தமிழில் தருகிறேன்.

"டாக்டர் பாபு, பச்சாவோ, இவனை எப்படியாவது காப்பாத்துங்க! இன்னும் ஒரு மாசத்துல என் நெல்லு முத்திடும். இவன் இல்லேன்னா மான் தின்னு தீர்த்துடும். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், இவன் குட்டியா இருந்தப்ப, பாதி வயல் போச்சு. நாங்க பூசணிக்காயைத் தின்னு பொழைச்சோம்."

மானைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வெள்ளைக்காரன் அழகுக்காகக் கொண்டுவந்து விட்ட புள்ளிமான் அது. அதைப் பிடித்துத் தின்னப் புலியோ நரியோ தீவுகளில் இல்லை. பெருகிப் போய், குடியேறியவர்களின் நெல்லில் கை வைத்தது. ஒரு வீட்டுக்கு ஒரு நல்ல நாய் இருந்தால்தான் கதிர் களத்துக்கு வந்து சேரும்.

நான் விதியை எடுத்துச் சொன்னேன். "சார், நம்ம மருந்து சர்க்கார் யானைக்கு உண்டானது. நாய்க்குப் போட்டா மேலே கேள்வி வரும்."

டாக்டர் நாயின் பல் ஈறை அமுக்கிப் பார்த்துக்கொண்டே கேட்டார். "கட்டையை இழுத்தது யாரு?"

"யானைதான் சார்."

"யாரு யானை?"

"சர்க்கார் யானை."

"அப்ப இது யானை கேஸ். ரிஜிஸ்தர்ல எழுது."

எழுதினேன். எங்களிடம் இருந்தது யானைப் பதிவேடு ஒன்றுதான். பெயர்: பாகா. பாலினம்: ஆண். தந்தம்: இல்லை. தோள் உயரம்: ஒன்றே முக்கால் அடி. இழுக்கும் பாரம் என்று ஒரு கட்டம் இருந்தது. "இதுல என்ன சார் எழுத?" என்றேன். "காலியா விடு. அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்.

காலை எடுத்த அறுவையை இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். என் மனைவி பாக்கியத்தின் சோற்றுப் பானையில் கத்தி, ரம்பம், ஊசி எல்லாம் கொதித்தன. அந்தப் பானையை அவள் அப்புறம் கையால் தொடவில்லை. பால் டின்னின் அடியில் பஞ்சை அடைத்து, பாகாவின் மூக்கில் மாட்டி, குளோரோபாரத்தைச் சொட்டுச் சொட்டாக நான் விட்டேன். "கொஞ்ச நேரம் தூங்குங்க. நான் இங்கேயேதான் இருக்கேன்" என்று டாக்டர் பாகாவிடம் சொன்னார். நூறு எண்ணிவிட்டு வந்தார். தொடை நடுவில் தோலை முதலில் கீழே வளைவாக வெட்டிவிட்டு, எலும்பை அதற்கு நாலு விரல் மேலே அறுத்தார். "எலும்பைவிட தோலும் சதையும் நீளமா இருக்கணும். அப்பத்தான் நுனிக்கு மெத்தை கிடைக்கும்" என்றார். பெரிய ரத்தக்குழாயைப் பட்டுநூலால் இரண்டு இடத்தில் கட்டினார். எலும்பின் ஓரத்தை அரத்தால் மழுக்கினார். சீழ் பிடிக்காமல் இருக்க சல்பா பொடியைத் தூவி, சதையை மடித்துத் தைத்தார். அறுத்தெடுத்த காலை ஹரிபதோ ஒரு வாழை இலையில் வாங்கிக்கொண்டு போய் மரத்தடியில் புதைத்தார்.

டாக்டருக்குத் தெற்கே பாராடாங் பக்கத்து யானை முகாம்களுக்குப் போகும் சுற்றுப்பயணம் காத்திருந்தது. படகு ஏறுமுன் என்னையும் ஹரிபதோவையும் கூப்பிட்டார்.

"அஞ்சு வாரத்துல திரும்பி வருவேன். இவர் எழுந்து நடந்து வேலைக்குப் போகணும். படுத்த படுக்கையா புண்ணோட கிடந்தா, அவரை அப்படி வெச்சிருக்குறது பாவம். அன்னைக்கு நானே ஊசி போட்டு ஒரேயடியா தூங்க வெச்சிடுவேன். ஹரிபதோ, புரிஞ்சுதா?"

ஹரிபதோ தலையாட்டினார். தினமும் கட்டு மாற்ற வேண்டும், அரை நாள் தோணிப் பயணம் ஆகாது என்பதால் பாகா எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தது.

பாக்கியம் பரமக்குடிக்காரி. தீவுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. "நாய் வீட்டுக்குள்ள வந்துச்சுன்னா நான் கப்பலேறிடுவேன், பாத்துக்கங்க" என்றாள். அடுத்த கப்பல் எப்போது என்று துறைமுகத்துக்கே தெரியாத காலம் அது. ஆகவே இருந்தாள். மூன்றாம் நாள் பாகா தையலைக் கடிக்கப் பார்த்தபோது, நான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். அவள்தான் அரிசி கொட்டி வைத்திருந்த பிரம்புக் கூடையைக் கவிழ்த்து, அடியை வெட்டி, அதன் தலை வழியாக மாட்டிவிட்டாள். "நல்ல கூடை போச்சு. மூதேவி, ஆடாம இரு" என்று திட்டிக்கொண்டே ஓரம் குத்தாமல் இருக்கப் பழைய துணியைச் சுற்றித் தைத்தாள். பிள்ளைகளே, உங்கள் பிளாஸ்டிக் புனலுக்கு எங்கள் வீட்டுக் கூடை மூத்தது.

இனி என் பிழைக்கு வருகிறேன். காயம்பட்ட யானைக்கு எங்களிடம் ஒரு விதி உண்டு. ஒரே இடத்தில் கட்டிப்போடு. மூன்று வாரம் அசையவிடாதே. முழுத் தீனி கொடு. அரிசியைக் குழைய வேகவைத்து, வெல்லமும் உப்பும் பிசைந்து உருண்டையாக ஊட்டு. இந்த விதியால் எத்தனையோ யானைகளை எழுப்பியிருக்கிறேன். எனக்கு வேறு எதுவும் தெரியாது. பாகாவை வராந்தாத் தூணில் குட்டைக் கயிற்றில் கட்டினேன். சாக்கு மெத்தை போட்டேன். வேளைக்கு மூன்று உருண்டை. யானைக்குக் கொடுக்கும் உருண்டையில் பாதி அளவு என்றுதான் நினைத்தேன். வெல்லத்தை நாய் சப்புக்கொட்டித் தின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

புண் அருமையாக ஆறியது. பன்னிரண்டாம் நாள் தையலைப் பிரித்தேன். ஆனால் பாகா எழவில்லை. படுத்துக்கொண்டே வாலை ஆட்டும், படுத்துக்கொண்டே தின்னும். வயிறு மட்டும் பூசணி போல ஆகிக்கொண்டு வந்தது. இன்னொன்றும் என்னை அரித்தது. அடிபட்ட நாளிலிருந்து அது ஒரு தடவைகூடக் குரைக்கவில்லை. முனகும், பெருமூச்சு விடும், அவ்வளவுதான்.

வாரச் சந்தைக்கு ஹரிபதோ வருவார். பூசணி மூட்டையை இறக்குமுன் எங்கள் வராந்தாவுக்கு வந்து அதன் பக்கத்தில் குந்துவார். அது அவர் கையை நக்கும். அவர் முதுகைத் தடவிவிட்டுக் கேட்பார்.

"கம்பவுண்டர் பாபு, குரைக்கிறானா?"

"ஓ, நல்லா குரைக்கிறான். நீ வந்தா சந்தோஷத்துல சும்மா இருக்கான்."

பொய்தான். அவர் முகத்தைப் பார்த்து வேறு என்ன சொல்வது? "அச்சா, அச்சா" என்று சிரித்துக்கொண்டு போவார். உள்ளேயிருந்து பாக்கியம் என்னை ஒரு பார்வை பார்ப்பாள்.

பதினைந்தாம் நாள், ஒரு யானைக்குக் கடும் வயிற்று உப்புசம் என்று டாக்டர் பாதிப் பயணத்தில் திரும்பி வந்தார். யானையைப் பார்த்து முடித்துவிட்டு, படகு கிளம்ப அரைமணி இருக்கையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். தூணைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், தட்டில் மிச்சமிருந்த உருண்டையைக் கையில் எடுத்து எடை பார்த்தார். பாகாவுக்கு எதிரே தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

"நீங்க மன்னிச்சுக்கணும்" என்றார் அதனிடம். "இவன் கெட்டவன் இல்லீங்க. உங்களை யானைன்னு நினைச்சுட்டான்."

பாக்கியம் உள்ளே ஓடிப்போய்ச் சிரித்தாள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

அப்புறம் என் பக்கம் திரும்பினார். "யானையால மூணு கால்ல நடந்து பிழைக்க முடியாது. இவரால முடியும். ஆனா ஒல்லியா இருந்தாத்தான் முடியும். நாலு கால் சுமந்த உடம்பை மூணு கால் சுமக்கணும், நீ அதை ஆறு கால் சுமக்குற உடம்பா பண்ணி வெச்சிருக்கே. மிச்ச ஒத்தைப் பின்னங்கால்ல சதை வத்திப்போச்சு, தொட்டுப் பாரு. கயிறை அவிழு. சோத்தைப் பாதியாக்கு, மீனைப் போடு. வயித்துக்கு அடியில துண்டைக் கொடுத்துத் தூக்கிப் பிடிச்சு மணிக்கொரு தரம் நடத்து. சிமெண்ட் தரை வழுக்கும், சாக்கை விரி. விழுந்தா விழட்டும், ஓடிப்போய்த் தூக்காதே."

"ஆகட்டும் சார். ஆனா குரைக்க மாட்டேங்குதே சார்."

"கால் என் பொறுப்பு. குரல் அவரோடது" என்று சொல்லிவிட்டுப் படகுக்குப் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து மாயாபந்தருக்கு நல்ல வேடிக்கை கிடைத்தது. என் பழைய வேட்டியை நீளமாகக் கிழித்து, பாகாவின் வயிற்றுக்கடியில் கொடுத்து, இரு முனையையும் பிடித்துக் குனிந்துகொண்டு குவார்ட்டர்ஸைச் சுற்றி வருவேன். முன்னால் கூடைக் கழுத்தோடு நாய், பின்னால் கூனல் முதுகோடு கம்பவுண்டர். துறைமுக ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் தினமும் எழுந்து நின்று சலாம் வைப்பார். அது எனக்கா, நாய்க்கா என்று நான் கேட்கவில்லை.

நாலாம் நாள் துண்டைத் தளர்த்தினேன். விழுந்தது. எழுந்தது. மறுபடி விழுந்தது. பாக்கியம் சமையலறை வாசலில் நின்று, "எந்திரி! எந்திரிடா! ஆங், அப்படித்தான்!" என்று கரண்டியை ஆட்டினாள். மூதேவி எப்போது ராசாவாக மாறியது என்று நான் கவனிக்கவில்லை. அன்று அவள் வாயில் "வாடா ராசா" என்று வந்தது.

ஆறாம் நாள் காலை நடந்ததை நாகரிகம் கருதி மறைக்கலாம். மறைக்க மாட்டேன். பாகா தானாகவே தத்தித் தத்தி முருங்கை மரம் வரைக்கும் போனது. நின்றது. ஆண் நாயின் வழக்கப்படி காலைத் தூக்க வேண்டும். எந்தக் காலை? இருக்கிற காலைத் தூக்கினால் குப்புற விழும். யோசித்தது. பிறகு அந்த மொட்டைத் தொடையைத் தூக்கிக்கொண்டு, ராஜா மாதிரி, ஆடாமல் அசையாமல் வேலையை முடித்தது. நானும் பாக்கியமும் கை தட்டினோம். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர்கள் என்ன விசேஷம் என்று எட்டிப் பார்த்தார்கள். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர்களும் தட்டினார்கள். என் முதல் சம்பள உயர்வுக்குக்கூட அவ்வளவு பேர் மகிழவில்லை.

நீச்சல் பாக்கியத்தின் கண்டுபிடிப்பு. "வீடெல்லாம் நாய் வாடை" என்று சொல்லி, ஓடைப் பக்கம் முதலை உண்டென்பதால் அங்கே விடாமல், படகுகள் கட்டும் ஜெட்டிக்கு அந்தப் பக்கம் மணலாயிருக்கும் இடத்துக்குக் குளிப்பாட்ட அழைத்துப் போனாள். பாகா அவள் கையிலிருந்து நழுவிக் கடலில் விழுந்தது. பயந்து கத்தினாள். ஆனால் தண்ணீரில் அதற்கு மூன்று கால் போதுமாயிருந்தது. மூக்கைத் தூக்கிக்கொண்டு நேராக நீந்தியது. பிறகு தினமும் காலையில் நீச்சல். பத்தே நாளில் அந்த ஒற்றைப் பின்னங்காலில் கட்டையாகச் சதை ஏறியது. கூடை கழன்றது, வயிறும் கரைந்தது. கரையில் நண்டைத் துரத்தியது. ஆனால் துரத்தும்போதும் குரைக்கவில்லை.

ஐந்தாம் வாரம் டாக்டர் வந்தார். நடக்கவிட்டுப் பார்த்தார், ஓடவிட்டுப் பார்த்தார், நுனியை அமுக்கிப் பார்த்தார். "தூங்க வைக்கிற பேச்சுக்கே இடமில்லை" என்றார். எனக்கு உயிர் வந்தது. உடனே பதிவேட்டை நீட்டினேன். வேலைக்குத் தகுதி என்ற இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

"மாட்டேன்" என்றார். "எந்த யானைக்காவது வேலையைப் பார்க்காம நான் கையெழுத்துப் போட்டிருக்கேனா? இவருக்கு வேலை வயல்ல. சலோ, அங்கே போவோம்."

தோணியில் டாக்டர், நான், பாக்கியம், பாகா. பாக்கியம் கேட்காமலே ஏறி உட்கார்ந்துகொண்டாள். மடியில் பதிவேடு எனக்கு. ஓடையின் இரு பக்கமும் அலையாத்தி மரங்கள் நெருங்கி வந்தன. என் நெஞ்சில் நான் சொன்ன பொய் உட்கார்ந்திருந்தது. குரைக்காத நாயை வைத்துக்கொண்டு ஹரிபதோ என்ன செய்வார்? மான் மூன்று கால் நாயைப் பார்த்து ஓடாது, அதன் சத்தத்துக்குத்தான் ஓடும். டாக்டரிடம் மெல்லச் சொன்னேன். "சார், நான் ஹரிபதோகிட்ட நல்லா குரைக்குதுன்னு பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்" என்றார். "அவனும் என்கிட்ட ஒண்ணு சொன்னான். கம்பவுண்டர் பாபு பொய் சொல்றாரு, ஆனா நல்ல மனுஷர், நான் நம்புற மாதிரி காட்டிக்கிறேன்னு. போன தடவை வந்தப்ப ஜெட்டியில பார்த்தேன்."

வெட்கத்தில் நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

கடைசி வளைவு திரும்பியதும் வயல் தெரிந்தது. நெல் முற்றி மஞ்சளாகத் தலை சாய்ந்திருந்தது. இறங்குதுறையில் ஹரிபதோவும் அவர் மனைவியும் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால், வயலின் கோடியில், பட்டப்பகலில், ஐந்தாறு மான்கள் கூச்சமில்லாமல் கதிரை இழுத்துக்கொண்டிருந்தன.

தோணி முனையில் பாகா எழுந்து நின்றது. மடங்கிய காதும் நிமிர்ந்தது. உடம்பு முழுக்க நடுங்கியது. பிறகு குரைத்தது! ஒரு தடவை இல்லை, ஐந்து வாரத்துக் குரைப்பையும் மொத்தமாகச் சேர்த்துக் குரைத்தது. நான் கழுத்துக் கயிற்றைப் பிடிக்குமுன் தண்ணீரில் பாய்ந்துவிட்டது.

"முதலை! ஐயோ, ராசா!" என்று பாக்கியம் அலறினாள். தோணிக்காரர் துடுப்பால் தண்ணீரை அடித்தார். பாகா யாரையும் லட்சியம் செய்யவில்லை. மூக்கு நேராகக் கரையைப் பார்த்தபடி, ஜெட்டிப் பக்கம் பழகிய அதே நீச்சல். சேற்றில் ஏறியது, ஒரு முறை சறுக்கியது, எழுந்தது. ஹரிபதோ இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடிவந்தார். அவருடைய கைக்குக் கீழே புகுந்து, அவரிடம்கூட நிற்காமல் கடந்து, வரப்பின்மேல் மூன்று காலில் பறந்தது. மான்கள் காட்டுக்குள் பாய்ந்த வேகத்தில் ஒன்றன் வாயிலிருந்து கதிர் தெறித்து விழுந்ததை நான் பார்த்தேன். அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் காட்டைப் பார்த்துத் திட்டிக்கொண்டே நின்றது.

ஹரிபதோ வரப்பில் உட்கார்ந்து அழுதார். அவர் மனைவி சிரித்தார். பாக்கியம் இரண்டையும் செய்தாள். ஐந்து வாரம் ஊட்டிய என்னை அந்த நாய் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அது கொஞ்சம் வலித்தது. அதைவிடப் பல மடங்கு ஆனந்தமாக இருந்தது.

"திரும்பு" என்றார் டாக்டர். திரும்பிக் குனிந்தேன். பதிவேட்டை என் முதுகில் வைத்து எழுதினார். பேனா அழுத்தியது, இரண்டு இடத்தில். அப்புறம் ஏட்டை என் கையில் கொடுத்துவிட்டு, சேற்றில் செருப்பைக் கழற்றிக்கொண்டு, "உங்க வேலை ரொம்ப நல்லா இருக்குங்க" என்று பாகாவிடம் சொல்ல வரப்பின்மேல் நடந்து போனார்.

நான் ஏட்டைப் பிரித்தேன். வேலைக்குத் தகுதி என்ற இடத்தில் கையெழுத்து இருந்தது. அதற்கு மேலே, நான் காலியாக விட்டிருந்த கட்டத்தில், இழுக்கும் பாரம் என்பதற்கு நேரே, அவருடைய சின்ன எழுத்தில் எழுதியிருந்தார்: ஒரு குடும்பம்.